கிணத்துப் பம்பு, போர் வண்டி, சாயப்பட்டறை ப்ளோயர்: கை வைக்காத கம்பெனி இன்ஜினுக்கு சூப்பர்சார்ஜர் தேர்வு

இன்ஜினின் பெல்டில் ஓடி, கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் தள்ளும் கருவிதான் சூப்பர்சார்ஜர். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும், சக்தி கூடும். இதைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று நினைக்கும் கொங்கு நாட்டுக்காரருக்கும் அதில் முக்கால்வாசி ஏற்கெனவே தெரிந்திருக்கும். காரில் பூட்டும் மூன்று வகை சூப்பர்சார்ஜரின் தத்துவமும் நம் ஊரில் வேறு பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்று தோட்டத்துக் கிணற்றில். இன்னொன்று திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டியின் முதுகில். மூன்றாவது திருப்பூர் சாயப்பட்டறையின் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் பக்கத்து அறையில். இந்த மூன்றும் எப்படி வேலை செய்கின்றன என்று புரிந்துவிட்டால், ஃபோர்டு மஸ்டாங், செவ்ரோலெட் கமாரோ மாதிரியான வி8 (எட்டு சிலிண்டர்) மசில் காருக்கு எதைப் பூட்டலாம் என்பது தானாகவே தெளிந்துவிடும்.

தேர்வைத் தொடங்க வேண்டிய இடம் சூப்பர்சார்ஜர் அல்ல, இன்ஜின். பிஸ்டன், கனெக்டிங் ராடு, ரிங் எதையும் மாற்றாத கம்பெனி இன்ஜின் எவ்வளவு தாங்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் கேட்லாக்கில் எந்தப் பெட்டி அதிகக் குதிரைத்திறன் காட்டுகிறது என்று பார்த்து வாங்குகிறார்கள். பிறகு இன்ஜினைப் பிரித்து, உடைந்த பிஸ்டனைக் கையில் வைத்துப் பார்க்கிறார்கள்.

பூஸ்ட் என்றால் என்ன

டயர் கடையில் "32 அடிங்க" என்கிறோமே, அந்த 32 பிஎஸ்ஐ. சூப்பர்சார்ஜர் தரும் பூஸ்டையும் அதே அளவில்தான் சொல்கிறோம். கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. கோயம்புத்தூர் சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே ஏறக்குறைய 14. சாதாரண இன்ஜின் இந்த 14-ஐ உறிஞ்சித்தான் ஓடுகிறது. சூப்பர்சார்ஜர் அதன் மேல் 6 பிஎஸ்ஐ ஏற்றினால் மொத்தம் 20. இருபதைப் பதினாலால் வகுத்தால் 1.43. இதை அழுத்த விகிதம் என்பார்கள்.

அப்படியானால் காற்று 43 சதவீதம் கூடிவிட்டதா? இல்லை. அமுக்கினால் காற்று சூடாகும், சைக்கிள் பம்பின் அடிப்பக்கம் சுடுவது மாதிரி. சூடான காற்று விரியும், விரிந்தால் ஒரு லிட்டரில் அடங்கும் காற்றின் எடை குறையும். வெளியே 38 டிகிரி வெயில் என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீதத் திறனுள்ள ஒரு சூப்பர்சார்ஜர் இதே 1.43 விகிதத்தில் அமுக்கினால் காற்று 94 டிகிரிக்குப் போய்விடும். அப்போது கூடுதலாகக் கிடைக்கும் காற்று 21 சதவீதம்தான். அதே காற்றை இன்டர்கூலரில் (காற்றை ஆற்றும் ரேடியேட்டர்) விட்டு 55 டிகிரிக்கு இறக்கினால் 36 சதவீதம் கிடைக்கும். பூஸ்ட் கேஜ் இரண்டு தடவையும் 6-ஐத்தான் காட்டும். ஆகவே "எத்தனை பிஎஸ்ஐ" என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. "எத்தனை டிகிரியில்" என்பது மீதிப் பாதி.

மலை ஏறும்போது இன்னொரு குழப்பம் வரும். சூப்பர்சார்ஜர் பெல்டில் ஓடுவது, அதன் விகிதம் ஏறக்குறைய மாறாது. கோவையில் 6 காட்டிய கேஜ், 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் 5-க்குச் சற்றுக் கீழேதான் காட்டும், ஏனென்றால் அங்கே வெளிக்காற்றே 11.2 பிஎஸ்ஐ அளவுதான். பெல்ட் வழுக்குகிறது என்று நினைத்து இறுக்கிவிட வேண்டாம்.

சாயப்பட்டறை ப்ளோயர்: ரூட்ஸ் வகை

ஏரேஷன் தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயர் அறைக்குள் போயிருக்கிறீர்களா? உள்ளே போகும் குழாயில் கை வைத்தால் அறைச் சூடுதான் இருக்கும். வெளியே வரும் குழாயில் கை வைக்க முடியாது. உள்ளே எட்டு வடிவத்தில் இரண்டு ரோட்டர்கள் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுழல்கின்றன. அவை காற்றை அமுக்குவதில்லை, வாரி அந்தப் பக்கம் தள்ளுகின்றன, அவ்வளவுதான். வெளிக்குழாயில் ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் காற்று, மடல் திறந்தவுடன் பின்னோக்கிப் பாய்ந்து புதுக் காற்றின் மேல் மோதுகிறது. அமுக்கம் அந்த மோதலில்தான் நடக்கிறது. தட்தட்டென்ற சத்தமும் சூடும் அங்கிருந்துதான் வருகின்றன. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை பெற்ற வடிவம் இது. பெயரும் அவர்களுடையதுதான்.

இதன் பெரிய பலம், சுற்றுக்கு இத்தனை லிட்டர் என்று நிச்சயமாகத் தள்ளுவது. இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடினாலும் ஆக்சிலரேட்டரை மிதித்த மாத்திரத்தில் பூஸ்ட் தயார். சிக்னலில் நின்று கிளம்பும்போது முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும்.

பழைய ரூட்ஸின் திறன் 50, 60 சதவீதம்தான். ஈட்டன் நிறுவனம் ஒவ்வொரு ரோட்டரிலும் நான்கு மடல் வைத்து 160 டிகிரி முறுக்கிய டிவிஎஸ் என்ற வரிசை இதை 70-க்கு மேல் கொண்டுபோனது. (நம் ஊர் மொபெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரட்டைச் சுழல் என்ற பொருளில் வந்த சுருக்கம்.) இன்று மசில் கார் கிட்களில் 'ரூட்ஸ்' என்று விற்பவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

போர் வண்டி கம்ப்ரசர்: இரட்டைத் திருகு

திருச்செங்கோட்டிலிருந்து இந்தியா முழுக்கப் போகும் ரிக் வண்டிகளின் கம்ப்ரசருக்குள் இரண்டு பெரிய திருகுகள் ஒன்றோடொன்று பின்னிச் சுழல்கின்றன. காற்று ஒரு முனையில் நுழைந்து, திருகுப் பள்ளத்தில் சிக்கி, முன்னேற முன்னேற இடம் குறுகி, மறுமுனையில் வெளியேறும்போதே அமுங்கியிருக்கிறது. ரூட்ஸில் வெளியே நடக்கும் அமுக்கம் இதில் உள்ளேயே நடந்துவிடுகிறது. அதனால் சூடு குறைவு, திறன் 70, 75 சதவீதம்.

ஆனால் ரிக் கம்ப்ரசரை அப்படியே கற்பனை செய்துகொள்ளக் கூடாது. அதில் திருகுகளுக்கு நடுவே எண்ணெய் பாய்ச்சுகிறார்கள். எண்ணெய்தான் சூட்டை வாங்குகிறது, இடைவெளியையும் அடைக்கிறது. காரில் அப்படிச் செய்தால் எண்ணெய் இன்ஜினுக்குள் போய் எரியும். எனவே கார் வகை உலர்ந்து ஓடுகிறது. திருகுகள் உரசாமல் கியர்கள் பிடித்திருக்கின்றன, இடைவெளி மயிரிழைதான். இந்தத் துல்லியத்துக்காகத்தான் விலையும் ஏறுகிறது. டாட்ஜ் ஹெல்கேட் 2015-ல் 707 குதிரைத்திறனோடு வந்தபோது அதில் இருந்தது 2.4 லிட்டர் இரட்டைத் திருகு.

கிணத்துப் பம்பு: சென்ட்ரிஃபியூகல்

கோயம்புத்தூர் உலகத்துக்கே செய்து அனுப்பும் சாமான் இது. நடுவில் இம்பெல்லர். நடுவே நுழையும் தண்ணீரைச் சுழற்றி ஓரத்துக்கு வீசுகிறது, வீச்சின் வேகம் அழுத்தமாக மாறுகிறது. காரில் தண்ணீருக்குப் பதில் காற்று, அலுமினிய இம்பெல்லர், நிமிடத்துக்கு 40,000 முதல் 60,000 சுற்று. டர்போவின் காற்றுப் பக்கமும் இதேதான். டர்போவைச் சுழற்றுவது புகை, இதைச் சுழற்றுவது பெல்ட்.

ஆயில் இன்ஜினில் பெல்ட் போட்டுப் பம்பு ஓட்டிய தோட்டக்காரர்களுக்கு ஒரு விஷயம் கையிலேயே தெரியும். இன்ஜின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் தண்ணீர் பாதியாகக் குறையாது, குழாயில் கால்வாசி உயரத்தோடு நின்றுவிடும். வாய்க்காலுக்கு ஒரு சொட்டும் வராது. வேகம் பாதியானால் அழுத்தம் நான்கில் ஒன்று, அதாவது வேகத்தின் வர்க்கம். சூப்பர்சார்ஜரும் அப்படியே. 6,500 சுற்றில் 8 பிஎஸ்ஐ தரும் சென்ட்ரிஃபியூகல், 3,250-ல் சுமார் 2 தான் தரும். 2,500-ல் ஒன்றேகால். அதற்குக் கீழே அது இருப்பதே தெரியாது.

இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. கம்பெனி இன்ஜினைப் பொறுத்தவரை இது பாதிக்குப் பாதி வரம். ஏன் என்பதற்கு இன்ஜின் எதனால் உடைகிறது என்று பார்க்க வேண்டும்.

எது உடையும், ஏன்

முதல் எதிரி நாக்கிங். பிளக் வைத்த தீ பரவி முடிவதற்கு முன்பே, மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல்–காற்றுக் கலவை தானாகவே வெடித்துவிடுவது. சுத்தியலால் அடித்த மாதிரி பிஸ்டன் தலையில் விழும். கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற எண்) அதிகமாக இருந்தால், உள்ளே வரும் காற்று சூடாக இருந்தால், பெட்ரோலின் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) குறைந்தால், இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது முழு பூஸ்ட் கொடுத்தால், நாக்கிங் வரும். கடைசிக் காரணத்தைக் கவனியுங்கள். மெதுவான சுற்றில் தீ பரவ அவகாசம் அதிகம், மூலைக் கலவை வெந்து வெடிக்கவும் அவகாசம் அதிகம். ரூட்ஸும் திருகும் 2,000 சுற்றிலேயே முழு பூஸ்ட் கொடுப்பவை. சென்ட்ரிஃபியூகல் அந்த ஆபத்தான இடத்தில் ஏறக்குறைய ஒன்றும் கொடுப்பதில்லை.

இரண்டாவது, ரிங் இடைவெளி. பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே கம்பெனி விடும் வெடிப்பு, கம்பெனி சூட்டுக்குக் கணக்கிட்டது. பூஸ்ட் சூட்டில் ரிங் இன்னும் நீளும். முனைகள் முட்டிக்கொண்டால் போவதற்கு இடமில்லை. சிலிண்டர் சுவரைக் கீறும், அல்லது ரிங் உட்காரும் பள்ளத்தின் மேல் விளிம்பைப் பெயர்த்துவிடும். வார்ப்பு பிஸ்டன்களில் இந்த விளிம்புதான் முதலில் போகிறது.

கம்பெனிகளே இதை எப்படிச் சமாளிக்கின்றன? ஜெனரல் மோட்டார்ஸின் 6.2 லிட்டர் எல்எஸ்3 இன்ஜின் சூப்பர்சார்ஜர் இல்லாதது, கம்ப்ரஷன் 10.7. அதே குடும்பத்தில் 1.9 லிட்டர் ஈட்டனோடு வந்த எல்எஸ்ஏ, 556 குதிரைத்திறன், கம்ப்ரஷன் 9.1. ஹெல்கேட்டில் 9.5. பூஸ்ட் போடுகிறவர்கள் கம்ப்ரஷனைக் குறைத்து, பிஸ்டனையும் பலமாக்கி விற்கிறார்கள். நீங்களோ இறக்காத கம்ப்ரஷனோடு பூஸ்ட் போடப்போகிறீர்கள். 2016-ல் இந்தியாவுக்கு வந்த மஸ்டாங் ஜிடியின் 5.0 வி8-க்குக் கம்ப்ரஷன் 11. அமெரிக்காவில் 2018-லிருந்து வந்ததற்கு 12.

ஆகவே 5, 6 பிஎஸ்ஐ, இன்டர்கூலர் கட்டாயம். கம்ப்ரஷன் 10-க்குக் கீழே இருந்தால் 7, 8 வரை பேசலாம். இதற்கு மேல் வேண்டுமென்றால் இன்ஜினைப் பிரித்து ஃபோர்ஜ்டு பிஸ்டன் (வார்க்காமல் அடித்துச் செய்தது) போட வேண்டும், அது வேறு கதை, வேறு பட்ஜெட்.

இன்ஜினுக்கு இன்ஜின் தனிப் பலவீனங்களும் உண்டு. எல்எஸ் வரிசையில் கிராங்க் முனைப் புல்லிக்குச் சாவிப் பள்ளம் கிடையாது, போல்ட் இறுக்கத்தில் மட்டும் நிற்கிறது. சூப்பர்சார்ஜர் பெல்ட் இழுக்கும்போது நழுவலாம், அதற்காகத் துளையிட்டுப் பின் அடிக்கிறார்கள். ஃபோர்டு 5.0-இல் எண்ணெய் பம்பின் கியர்கள் தூள் உலோகத்தை அழுத்திச் செய்தவை. அதிகச் சுற்றில், சுற்றுக்கு எல்லை போடும் லிமிட்டரில் மோதி மோதி ஓட்டினால் விரிசல் விழும், எண்ணெய் அழுத்தம் ஒரே நொடியில் பூஜ்ஜியம்.

ஆக்டேனில் ஒரு கண்ணி

கிட் பெட்டியின் மேல் '91 ஆக்டேன் போதும்' என்று அச்சிட்டிருப்பார்கள். அது அமெரிக்க 91. அங்கே பங்கில் எழுதுவது இரண்டு விதச் சோதனையின் சராசரி. இந்தியாவில் எழுதுவது ஆர்ஓஎன் என்ற ஒரு சோதனையின் எண் மட்டும், அது எப்போதும் பெரிதாக வரும். அமெரிக்க 91 நம் கணக்கில் ஏறக்குறைய 95, 96. அமெரிக்க 93 என்றால் 98 பக்கம். "நம்ம ஊரிலும் 91 கிடைக்குமே" என்று பழைய சாதா பெட்ரோலை நினைத்து ஊற்றினால், அமெரிக்கக் கணக்கில் 87-ஐ ஊற்றியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ட்யூனிங் செய்பவரிடம் எந்தப் பெட்ரோல், எந்தக் கணக்கில் எத்தனை என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று எத்தனால். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இந்தியத் தரம் 95 ஆர்ஓஎன். நாக்கிங்குக்கு நல்லதுதான். ஆனால் எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று என்றால், இந்தக் கலவைக்கு 13.5 பக்கம். அதாவது அதே காற்றுக்குச் சுமார் 9 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் கணக்கில் இதைச் சேர்க்காமல் விட்டால் உச்சச் சுற்றில் கலவை மெலிந்துவிடும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் தன் கொள்ளளவில் பாதியைத்தான் ஒரு சுற்றுக்கு இழுக்கும். 5 லிட்டர் இன்ஜின் என்றால் 2.5 லிட்டர். சுற்றுக்கு 2.3 லிட்டர் தள்ளும் ஒரு ரூட்ஸ் ப்ளோயரை எடுத்துக்கொள்வோம். கிராங்க் புல்லி 7 அங்குலம், ப்ளோயர் புல்லி 4.5 அங்குலம். ஏழை நாலரையால் வகுத்தால் 1.56. இன்ஜின் ஒரு சுற்று சுற்றும்போது ப்ளோயர் 1.56 சுற்று சுற்றி 3.6 லிட்டர் தள்ளும். இன்ஜின் இழுப்பது 2.5. விகிதம் 1.43, நம் 6 பிஎஸ்ஐ. கசிவாலும் சூட்டாலும் நிஜத்தில் கேஜ் கொஞ்சம் அப்படி இப்படிக் காட்டும், பெரும்பாலும் மேலே.

இப்போது யாரோ ஒருவர் "அரை அங்குலம் சின்ன புல்லி போட்டுப் பாருங்க, பறக்கும்" என்கிறார். 4 அங்குலம் போட்டால் விகிதம் 1.61, எட்டரை பிஎஸ்ஐ. லேத்தில் அரை மணி நேர வேலை, கம்பெனி பிஸ்டனுக்கு முடிவுரை. சென்ட்ரிஃபியூகலில் இது இன்னும் மோசம். வேகம் 10 சதவீதம் ஏறினால் பூஸ்ட் 21 சதவீதம் ஏறும், வர்க்கக் கணக்கு.

ப்ளோயரைச் சுற்றவும் சக்தி வேண்டும். இந்த அளவு காற்றுக்கு, இந்தப் பூஸ்டுக்கு, உச்சச் சுற்றில் சுமார் 30 குதிரைத்திறனைப் பெல்டே தின்றுவிடும். 400 குதிரைத்திறன் இன்ஜின் 6 பிஎஸ்ஐயில், இன்டர்கூலரோடு, பத்திரமான டைமிங்கில் (பிளக் பொறி வைக்கும் நேரம்), 500 பக்கம் வரும். அதைக் கொண்டு இன்ஜெக்டர் பார்க்கலாம். பூஸ்ட் இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 270 கிராம் பெட்ரோல் குடிக்கும். 500-க்கு 135 கிலோ, எட்டு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 17 கிலோ. இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது, எனவே 20 கிலோ திறன் வேண்டும். நிமிடத்துக்கு 450 சிசி. எத்தனால் கலவைக்குச் சேர்த்தால் 500 சிசி. பெட்ரோல் பம்பும் இந்த அளவை முழு அழுத்தத்தில் தர வேண்டும். பம்பு தளர்ந்தால் இன்ஜெக்டர் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

அப்படியானால் எது?

கம்ப்ரஷன் 11-ம் அதற்கு மேலும் உள்ள கம்பெனி இன்ஜின், கரூர், ஈரோடு வெயில், மேனுவல் கியர்: சென்ட்ரிஃபியூகல், முன்பக்கம் காற்றால் குளிரும் இன்டர்கூலர், 6 பிஎஸ்ஐ. டார்க் (முறுக்கு விசை) மெதுவாக ஏறுவதால் ராடு, கிளட்ச், பின் டயர் எல்லாம் மூச்சு விடும். பானெட்டும் உயர வேண்டாம், இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டாம். பிடிக்கவில்லையென்றால் பழையபடி ஆக்குவதும் எளிது.

கம்ப்ரஷன் 10 அல்லது குறைவு, ஆட்டோமேட்டிக் கியர், கனமான வண்டி, 4,000 சுற்றைத் தாண்டாமல் ஊருக்குள்ளேயே ஓட்டுபவர்: டிவிஎஸ் வகை ரூட்ஸ். அவிநாசி ரோட்டில் ஓட்டுபவருக்கு 6,500 சுற்றில் வரும் பூஸ்டால் என்ன லாபம்? ஆனால் ஒன்று, இந்த வகை இன்ஜினின் தலைமேல் உட்காரும், இன்ஜின் சூட்டையே வாங்கிக்கொள்ளும். அதன் இன்டர்கூலர் தண்ணீரில் குளிர்வது, அதற்குத் தனி ரேடியேட்டர், தனி எலக்ட்ரிக் பம்பு. காந்திபுரம் சிக்னலில் பத்து நிமிடம் நின்றால் அந்தத் தண்ணீர் சூடாகி, கிளம்பும்போது கம்ப்யூட்டர் டைமிங்கைக் குறைத்துவிடும். "காலையில் பறந்தது, மத்தியானம் படுத்துக்கிச்சு" என்ற புகாரில் பெரும்பாலும் கோளாறு ஏதும் இருக்காது, இதுதான் காரணம்.

இரட்டைத் திருகு நல்ல சாமான். 6 பிஎஸ்ஐக்கு அதை வாங்குவது, ஒரு செண்டு கத்திரிக்காய்க்குப் போர் வண்டி கூப்பிடுவது. 12, 15 பிஎஸ்ஐக்குப் போகும் பலமான இன்ஜினில்தான் அதன் திறன் காசைத் திருப்பித் தரும்.

அமெரிக்காவில் முழு கிட் ஏறக்குறைய 7,000 முதல் 9,000 டாலர். கப்பல் கட்டணமும் சுங்கவரியும் தனி. பாதி கிட்டை மலிவாக வாங்கி மீதியை லேத்தில் செய்துகொள்ளலாம் என்ற யோசனை பிராக்கெட் விஷயத்தில் பலிக்கும். கோவை லேத்துக்காரருக்கு அது சாதாரணம். புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால்தான் வினை. ஒரு மில்லிமீட்டர் விலகல் போதும், பெல்ட் ஒரு வரியைத் தாண்டி ஓடி நார் நாராகக் கிழியும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை செய்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. இன்சூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகும். இங்கே பூட்டுவது என்றால் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற டிராக்குக்கு மட்டும் ஓடும் வண்டி என்று வைத்துக்கொள்ள வேண்டும். டெக்சாஸிலோ துபாயிலோ வண்டி வைத்திருப்பவர்கள் அந்தந்த ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளட்டும். கலிபோர்னியாவில் கிட்டுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விலக்கு எண் இல்லாமல் ரோட்டில் ஓட்ட முடியாது.

பூட்டுவதற்கு முன்னும் பூட்டும்போதும்

கிட் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே எட்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பிறகு லீக்டவுன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. 10 சதவீதத்துக்கு மேல் கசிந்தால் எந்த வழியாக என்று காதை வைத்துக் கேளுங்கள். ஆயில் மூடியில் ஊதல் வந்தால் ரிங். சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட். இதில் எது இருந்தாலும் சூப்பர்சார்ஜர் பேச்சை ஒத்திவையுங்கள்.

ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகையாக இருக்க வேண்டும், இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. கம்பெனி இடைவெளி 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கும். அடர்ந்த காற்றில் அந்தத் தூரத்தைப் பொறி தாண்டாது, பூஸ்டில் இன்ஜின் விக்கும். கம்பெனியின் ஒரு பார் அழுத்த சென்சார் வெளிக்காற்றுக்கு மேல் படிக்கத் தெரியாதது. 2 பார் சென்சார் போடாவிட்டால் கம்ப்யூட்டர் பூஸ்டே இல்லை என்று நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் குறைக்கும்.

வேக்குவம் குழாய்களில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. இதுவரை மேனிஃபோல்டில் உறிஞ்சல் மட்டும் இருந்தது, இனி அழுத்தமும் வரும். பிரேக் பூஸ்டர் குழாயிலும், கிராங்க்கேஸ் காற்றோட்டக் குழாயிலும் ஒருவழி வால்வு சரியாக வேலை செய்ய வேண்டும். இரண்டாவது போய்விட்டால் பூஸ்ட் நேரே ஆயில் சம்புக்குள் இறங்கி, டிப்ஸ்டிக்கைத் துப்பி, ஆயில் சீலை வெளியே தள்ளும். ரூட்ஸ் வகையில், பூஸ்ட் தேவையில்லாதபோது காற்றைத் திருப்பி விடும் பைபாஸ் வால்வுக்குப் போகும் மெல்லிய குழாய் கழன்றால், மெதுவாகப் போகும்போதும் வால்வு மூடியே இருக்கும். சூடு ஏறும், மைலேஜ் விழும், கிழவி ராட்டை சுற்றுகிற மாதிரி ஓயாத ஊளை. சென்ட்ரிஃபியூகலில் த்ராட்டிலை மூடும்போது காற்றை வெளியேற்றும் வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் அடைபட்ட காற்று இம்பெல்லரைத் திருப்பி அடித்துப் பேரிங்கைத் தின்றுவிடும்.

தண்ணீர் இன்டர்கூலரில் போர் தண்ணீர் ஊற்றவே கூடாது. நம் பக்கத்து உப்பு, ஒரு வருடத்தில் அந்தச் சின்னச் சின்னப் பாதைகளை அடைத்துவிடும். சிறுவாணித் தண்ணீர் குடிக்கத்தான். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் கலந்து ஊற்றி, காற்றுக் குமிழ் முழுக்க வெளியேறும் வரை பம்பை ஓட விடுங்கள். திருப்பூர், பல்லடம் பக்கம் ஓட்டுபவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பில்டரையும் இன்டர்கூலர் இடுக்கையும் பாருங்கள். பஞ்சு படிந்தால் வெளியே தெரியாது, காற்று மட்டும் நின்றுபோயிருக்கும்.

ட்யூனிங்கை ஆள் பார்த்துக் கொடுங்கள். முழு பூஸ்டில் லாம்ப்டா (காற்று–பெட்ரோல் கலவையின் அளவு, 1 என்றால் சரிக்குச் சரி, குறைந்தால் பெட்ரோல் அதிகம்) 0.80 முதல் 0.82-க்குள். ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி டைமிங் குறைப்பது தொடக்கப் புள்ளி, அதிலிருந்து நாக் சென்சார் பதிவைப் பார்த்துத்தான் நகர வேண்டும். உச்சச் சுற்றில் மட்டும் கலவை மெலிந்தால், முதலில் இன்ஜெக்டர் திறப்பு சதவீதத்தையும் பெட்ரோல் அழுத்தத்தையும் பாருங்கள். மென்பொருளில் எண்ணைக் கூட்டி மூடி மறைக்க வேண்டாம். பூஸ்ட் சுற்றோடு ஏறிக்கொண்டே வந்து 5,500-க்கு மேல் திடீரென்று விழுந்தால் பெல்ட் வழுக்கல். ப்ளோயர் புல்லியைச் சுற்றிக் கருப்புத் தூள் படிந்திருக்கும். ஆறு வரிப் பெல்ட் போதாமல் எட்டு வரிக்கு மாறுவது இதற்காகத்தான்.

முதல் 500 கிலோமீட்டர் முடிந்ததும், ஒருமுறை முழு மிதி மிதித்து, உடனே இன்ஜினை அணைத்து ஓரம் கட்டி, ஆறிய பிறகு எட்டு பிளக்கையும் கழற்றி சிலிண்டர் வரிசைப்படி வெள்ளைத் துணியில் வையுங்கள். லென்ஸ் வைத்து நடுவிலுள்ள வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். இளம் பழுப்பாக, சுத்தமாக இருந்தால் ஓட்டலாம். மிளகுப் பொடி தூவிய மாதிரி கரும்புள்ளிகள் இருந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது. டைமிங்கை இரண்டு டிகிரி இறக்கி, நல்ல பெட்ரோல் ஊற்றி, மறுபடி பாருங்கள். புள்ளிகளுக்கு நடுவே வெள்ளி மாதிரி மின்னும் துணுக்குகள் தெரிந்தால் அது உருகிய அலுமினியம், உங்கள் பிஸ்டனிலிருந்து வந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் டோ வண்டிக்குச் சொல்லி அனுப்புங்கள்.